குளவிகள் இருக்க சல்லடை எதற்கு

இனி இந்த ஜென்மத்தில் சல்லடையைத் தொடுவதில்லை என்று குளவிக்காரர் சபதம் செய்தார். மனதுக்குள்தான். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

தானியக் கிடங்கின் ஆய்வுக்கூடத்தில் குளவி வளர்ப்பது அவர் உத்தியோகம். வாயில் துணி கட்டிய கண்ணாடிப் புட்டிகள். உள்ளே வண்டு விழுந்த கோதுமை, துணிமேல் ஒரு சொட்டுத் தேன். எறும்பை விடச் சிறிய அந்தக் குளவிகள் இருபது வருடமாக அவர் சொன்னபடி கேட்டன. வீட்டில் அப்படிக் கேட்க ஒரு ஜீவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தெரு மன்றத்தில் கேரம் இரட்டையர் இறுதி ஆட்டம். பதினோரு வருடம் தோற்றுத் தோற்று, அவரும் தையல்காரரும் அதுவரை வந்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து வீட்டு அரிசி டிரம்மில் வண்டு. முழுவதையும் அவரே சலிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

ஆய்வுக்கூட மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கிய ஒரு புட்டியுடன் அவர் சமையலறைக்குள் நுழைந்தார்.

"என்னங்க இது? இருக்கிற பூச்சி போதாதா?"

"பூச்சி இல்லம்மா, பட்டாளம்! டிரம்முல விட்டா வண்டு வம்சமே இருக்காது. சல்லடையே வேண்டாம்."

"கொட்டுமா?"

"மனுஷங்களைக் கொட்டாது. அரிசிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வண்டுப் புழுவைத் தேடிக் கொட்டி, பக்கத்துலயே முட்டை வைக்கும். குஞ்சு பொரிஞ்சு புழுவைத் தின்னுடும்."

"அடேங்கப்பா! அரிசிக்குள்ள இருக்கிறது அதுக்குத் தெரியுதா? உங்களுக்கு மூக்கு மேல இருக்கிற கண்ணாடியே தெரியாது. சரி, வெளியில ஓடுற பெரிய வண்டு?"

"அதைத் தொடாது."

"தொடலைன்னா?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

"இருந்துக்கிட்டு என்ன பண்ணும்?"

"முட்டை..." என்றவர் நிறுத்தினார். ஆனால் இருபது வருட அனுபவம் பொய் சொல்ல விடவில்லை. "முட்டை வைக்கும்."

"அப்போ முதல்ல அதை எடுத்துடணும். உங்க ஆய்வுக்கூடத்துல எப்படிங்க எடுப்பீங்க?"

அவர் புட்டியை மேடைமேல் வைத்தார்.

"சலிச்சுத்தான்."

சல்லடை ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

மாடியில் உட்கார்ந்து சலித்தார். வெயிலில் தவிட்டுத் தூள் பொன்னாக இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதுகுக்கு அது தெரியவில்லை. பாதி முடியும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தகர டப்பாவுடன் வந்தாள்.

"அண்ணே, குளவி விடுறீங்களாமே! அதுக்கு முன்னால சலிச்சும் குடுப்பீங்கன்னு அக்கா சொன்னாங்க."

அவள் பின்னால் இன்னும் மூன்று டப்பாக்கள் படியேறிக்கொண்டிருந்தன.

நாலு மணிக்குத் தையல்காரர் வாசலில் நின்று கத்தினார். "யோவ், ஆட்டம் ஆரம்பிச்சிடும்யா!"

"அவரு பட்டாளத்தோட இருக்காருண்ணே," என்று கீழிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "நான் வரேன், நடங்க."

குளவிக்காரர் தடுக்க வாயெடுத்தார். கல்யாணமான புதிதில் அவருக்கு ஸ்டிரைக்கர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அடுத்த டப்பாவை இழுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் திரும்பினாள். கையில் பளபளவென்று ஒரு கோப்பை.

"ஜெயிச்சிட்டியா!" பெருமையும் பொறாமையும் ஒன்றாக மேலே வர, அவர் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

அவள் தரவில்லை. சலித்த அரிசிக் குவியலில் கோப்பையை ஒரு முக்கு முக்கி எடுத்து, தலை தட்டிப் பார்த்தாள்.

"அளக்கிறதுக்குத் தோதாத்தான் இருக்கு. ஏங்க, அந்தக் கடைசி டப்பாவை இன்னும் தொடவே இல்லையா?"