சுரப்பு ஜாஸ்தி

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் சம்பத்தின் முகம் தொங்கிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் நல்ல சேதி கேட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்ட ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"கொஞ்சம்கூடக் கம்மி இல்லீங்களா சார்?"

"இல்லப்பா. வளர்ற ஊசி, வளர்ச்சிச் சுரப்பு கம்மியா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். எக்ஸ்ரேல உன் எலும்பு நுனி இன்னும் மூடல, வளர இடம் இருக்கு, அதனாலதான் டெஸ்டே எழுதினேன்."

சம்பத்துக்கு வயது பத்தொன்பது. ஆம்பூர் தோல் பட்டறையில் வேலை. குடியாத்தத்து மாமா செங்கல்வராயனின் மகள் அம்சவேணி பக்கத்தில் நின்றால் அவள் காதுக்குத்தான் வருவான். பரிசம் பேசப் போன அன்று அவனோடு ஒரு தரம் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்" என்று உள்ளே போனவள்தான். காரணத்தை யாரும் கேட்கவில்லை. அதுதான் கண்ணுக்கே தெரிகிறதே! தைக்குள் அவள் மனசு மாறாவிட்டால் திருத்தணி மாப்பிள்ளைதான் என்று மாமா சொல்லிவிட்டார்.

பட்டறையில் டிரம் ஓட்டும் நசீர் அகமது யோசனை சொன்னான்.

"தோல்ல இருக்கிற கொழுப்பை எப்படிடா எடுக்கறோம்? டிரம்முல போட்டு ஓட்டி ஓட்டித்தானே? நீயும் பட்டினி கெடந்து ஓடு. உள்ள இருக்கிற சுரப்பெல்லாம் கழண்டு போய்டும். அப்புறம் கம்மின்னு எழுதித்தானே ஆவணும்?"

சம்பத் வெறும் வயிற்றோடு வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஓடினான். நாக்குத் தள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினான்.

"போன தடவைக்கு மூணு பங்கு ஜாஸ்தி!" என்றார் டாக்டர். "பட்டினி கிடந்தாலும் ஓடினாலும் இது ஏறும்ப்பா."

இதற்குள் தெருவில் வேறு கதை. எமர்ஜென்சி நேரம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்பளை எதற்குப் போகிறான் என்று தெருவுக்குத் தெரியாதா?

"கல்யாணமே ஆவல, அதுக்குள்ள குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டானாமே!" என்று குழாயடியில் கங்கம்மாள் ஆரம்பித்தாள். குடம் நிரம்புவதற்குள் சேதி குடியாத்தம் போய்விட்டது. மாமா பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா சம்பத்து, நிஜமா?"

"ஐயோ மாமா, நான் வளர்றதுக்குப் போறேன்!"

"வளர்றதுக்கு எவன்டா வெட்டிப்பான்?" என்று கத்திவிட்டுப் போனவர் திருத்தணிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

நசீர் சளைக்கவில்லை. "அப்போ தலைகீழா பண்ணு. வயிறு முட்டத் துன்னு, அசையாம படு."

சம்பத் பாயாவும் பரோட்டாவும் தின்று, பஸ்ஸில் தூங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவிலும் குறட்டை விட்டான். அவனை உலுக்கி எழுப்பித்தான் ரத்தம் எடுத்தார்கள்.

"நல்லா தூங்கினாலும் ஏறும்" என்றார் டாக்டர், மூன்றாவது ரிசல்ட்டைப் பார்த்து. "உன்கிட்ட இருக்கிறதை நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். ஊசி கேட்டு இனிமே இந்தப் பக்கம் வராதே."

சம்பத் வெளியே வந்து தூணோரம் உட்கார்ந்து அழுதான். வராந்தா கூட்டிக்கொண்டிருந்த எல்லம்மா நின்றாள்.

"இன்னா தம்பி, இன்னா சொன்னாரு?"

"ஊசி கெடையாதாம். மாமா பொண்ணு என்னைவிட ஒயரம். வேணாம்னுட்டா."

"பொண்ணு குடியாத்தமா?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன மாசம் ஒரு குடியாத்தத்துப் பொண்ணு இங்க குந்தி இப்படித்தான் அழுதுச்சு. ஆம்பூர் அத்தை பையன் பக்கத்துல நிக்க வெக்கமா கீதாம், ஒயரத்துல ஒரு சாண் கம்மி ஆவறதுக்கு ஊசி கேட்டுச்சு. அதையும் இந்த டாக்டருதான் தொரத்திட்டாரு!"