நினைப்பை அளந்த கற்பூரம்

கடல் கடந்து பிரிந்த தம்பதியரின் உள்ளங்களை ஒரே நொடியில் இணைத்துக் காட்டும் மகாசக்தி, உலகமெல்லாம் இடம் தேடி அலைந்து, கடைசியில் மாத்தளை மாவட்டத்தில் வந்து இறங்கியது. இறங்கிய இடம், ரத்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, போனுக்குக் காசு போடும் ஒரு ரீலோட் கடையின் பின்னறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

சக்தியின் பெயர் கற்பூரச் சாமி. முன்பு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியொன்றில் இருந்தவர். அன்று பிரித்து வைத்தார், இன்று சேர்த்து வைக்கிறார். ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகளையும் இப்படிப் பிடித்தவர்கள் குறைவு.

முறை எளிது. தாம்பாளத்தில் தண்ணீர், அதில் ஒரு துணுக்குக் கற்பூரம். சாமி உங்கள் விரலில் மந்திரித்த சாம்பலைப் பூசுவார். நீங்கள் விரலால் தண்ணீரைத் தொட வேண்டும். கற்பூரம் சுழன்று ஓடினால் உங்கள் துணை உங்களை நினைக்கிறார். நின்றுவிட்டால் மறந்துவிட்டார், பரிகாரத்துக்கு வர வேண்டும். குவைத்தில் கணவன், கட்டாரில் மனைவி என்று கலேவெலயிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் ஒரே வரிசையில். வேறு யாராலும் முடியாத தேசிய ஒற்றுமையைச் சாமி ஒரு தாம்பாளத்தில் சாதித்தார்.

இந்த அறியாமைக் கூட்டத்தைத் தள்ளி நின்று பார்த்துச் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். நான் வரிசையில் நின்றேன்.

பெயர் சபாரத்தினம். தொழில், விஞ்ஞான ஆசிரியர். மனைவி சிவதர்ஷினி விவசாய உத்தியோகத்தர். பயிற்சிக்காகத் தாய்லாந்து போயிருந்தாள். போன முதல் கிழமை சுதந்திரத்தைக் கொண்டாடினேன். மறுகிழமை, அவள் ஞாபகம் வரும்போதெல்லாம் அவளுடைய மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கன்றுகள் அழுகிப்போயின. அதன்பிறகு, வாட்ஸ்அப்பில் அவள் கடைசியாக எப்போது வந்து போனாள் என்று பார்ப்பதையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்டேன்.

தாம்பாளத்தில் கற்பூரம் குதூகலமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் விரலை வைத்தேன். நின்றது. செத்த ஈ மாதிரி மிதந்தது.

வெளியே வந்த கையோடு அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நீர் என்னை நினைக்கிறதே இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"கற்பூரம்."

தாய்லாந்திலிருந்து விசாரணை தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிக்கிறியள்?"

"விஞ்ஞானம்."

"கற்பூரம் ஏன் தண்ணியிலை ஓடுது எண்டு போன வருசம் பிள்ளையளுக்குச் செய்து காட்டினது ஆர்?"

"நான்தான். அது வேறை கற்பூரம்."

"சரி. கலியாணம் கட்டாத ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய், எல்லாருக்கும் முன்னாலை அந்தத் தண்ணியிலை விரல் வைக்கச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் என்னோடை கதைக்க வேண்டாம்."

மறுபடி எடுத்தேன். என்னை பிளொக் பண்ணியிருந்தாள். நினைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனவனுக்கு இருந்த குரலும் போனது.

பக்கத்து வீட்டு ஸுஹைலிடம் ஓடினேன். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன். ஊரில் எந்தப் பெண்ணையும் பிடிக்காமல் இன்னும் தனிக்கட்டை.

"வாறேன் மாஸ்டர். ஆனா எனக்கொரு பொண்டாட்டி இருக்குன்னு சாமி சொன்னா, எங்க உம்மாக்கிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்."

மறுநாள் தாம்பாளத்தின் முன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

"சம்சாரம் எங்க?" என்றார் சாமி.

"இங்க இல்ல சாமி."

அதில் பொய் ஒன்றுமில்லை. சாமி சாம்பலைப் பூசினார். ஸுஹைல் விரலை வைத்தான். கற்பூரம் பம்பரமாகச் சுற்றியது.

"அடடா! ஒங்க பேரச் சொல்லிச் சொல்லி அழுவுறாங்க தம்பி! நேத்து சோறுகூட திங்கல!"

"யா அல்லாஹ்! எந்த ஊரு சாமி? அட்ரஸச் சொல்லுங்க. உம்மா தேடாத இடமில்ல. எனக்கு இன்னும் கலியாணமே ஆகல்ல!"

அறை சிரித்தது. சாமி அசரவில்லை. "வரப்போற சம்சாரம்தான் தம்பி. இப்பவே நெனைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டப் பார்த்தேன்.

ஸுஹைல் கையை நீட்டிச் சாமியின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த இன்னொரு கிண்ணத்தை இழுத்தான். "இந்தச் சாம்பல் யாருக்கு?" அதில் விரலைத் தோய்த்துத் தண்ணீரைத் தொட்டான். கற்பூரம் நின்றது. "அட! அதுக்குள்ள என்னை மறந்துட்டாளே!" விரலை முகர்ந்தான். "தேங்காயெண்ணெய். மாஸ்டர், பாடத்தை நடத்துங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மாணவர்களின் பெற்றோரும் அதில் இருந்தார்கள். சுத்தமான தண்ணீரில் கற்பூரம் தானாக ஓடும், எண்ணெய் பட்டால் நின்றுவிடும், யார் யாரை நினைத்தாலும் அதற்குத் தெரியாது என்று, நேற்றுத்தான் அங்கே ஏமாந்த வாயால் விளக்கினேன்.

ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "அடப்பாவி! ஒன் பேச்சக் கேட்டு, சவுதியில கெடந்து மாரடிக்கிற மனுசன, போன் எடுக்கிறப்பெல்லாம் 'எவகூட இருக்க'ன்னு ஏசிக்கிட்டு இருக்கேனே!" தாம்பாளத்தைத் தூக்கிச் சாமியின் தலையில் கவிழ்த்தாள்.

கையில் போன் இருக்கிறது, மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அவரைக் கேட்காமல் கற்பூரத்தைக் கேட்கிற பெருமக்களே, கற்பூரம் மூளையில்லாமலே பிழைத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி கிடையாது.

நனைந்த சாமி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், சத்தியமா ஒங்களுக்குக் காஞ்ச சாம்பல்தான் பூசினேன். வாத்தியாருக்கு நல்லதாச் சொன்னா நாலு பேரு வருவாங்கன்னுதான். அது நின்னப்ப எனக்கே பயம் வந்துருச்சு."

"அப்ப எண்ணெய் எங்கேருந்து மாஸ்டர் வந்திச்சு?" என்றான் ஸுஹைல். மாலையில் ஸுஹைல் போனில் நடந்ததைச் சொல்ல, பிளொக்கை எடுத்த சிவதர்ஷினியும் அதையேதான் கேட்டாள்.

அவள் தன் கூந்தல் எண்ணெய்ப் போத்தலை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். அந்த மணத்துக்காகத் தினமும் காலையில் அதை எடுத்து, இதே விரலால் என் தலையில் தேய்த்து வந்தேன். எனக்குத் தலையில் முடி கிடையாது.