பூகலான் பூத்த வருஷம்

அயர்லாந்து நாட்டுச் சட்டப்படி பூகலான் செடி ஒரு குற்றவாளி. இடுப்புயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பதால் மாடும் குதிரையும் அதை ஒதுக்கிவிடும். உலர்புல்லோடு சேர்ந்து காய்ந்தால் கசப்பு போய் விஷம் மட்டும் தங்கும். தின்ற பிராணிக்கு ஈரல் கெடும். ஆகவே யார் நிலத்தில் பூக்கிறதோ அவரே அதைப் பிடுங்கக் கடமைப்பட்டவர்.

சட்டத்தைவிட உறுதியானது எங்கள் பாலிக்ரீன் ஊரின் ஒழுக்கம்: எவரையும் அதிகாரியிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஆங்கிலேயத் துரைமார் எங்களிடம் குத்தகை பிடுங்கிய காலத்தில் பிறந்த ஒழுக்கம் இது. துரைமார் போய்விட்டார்கள், ஒழுக்கம் போகவில்லை. இங்கே திருடனுக்குக்கூடப் பெண் கொடுப்போம், காட்டிக்கொடுத்தவனின் பேரனுக்குக் கொடுக்க மாட்டோம்.

நூலா ஹெஃபர்னனின் புல்வெளியை ஒட்டி மாவட்ட அலுவலகம் ஜல்லி கொட்டி வைக்கும் நிலம். அங்கே பூகலான் காடாய்ப் பூத்து, காற்றடித்தபோதெல்லாம் நூலாவின் புல்லில் விதை விழுந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு குதிரை, அதுவும் சினை. பாவம், பயந்துபோய் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நில உரிமையாளர் மீது பெயரோடு புகார் வந்தால்தான் நடவடிக்கை என்றார்கள். உரிமையாளரே நீங்கள்தானே என்றாள். அப்படியானால் எங்கள் மீது எங்களிடம் புகார் கொடுங்கள் என்றார்கள், மிக மரியாதையாக.

அன்று மாலை மதுக்கடையில் எங்கள் எல்லோரிடமும் அந்தப் புகாரில் துணைக்குக் கையெழுத்து கேட்டாள். கடைக்காரர் பாகி மெல்டன் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆபீஸைக் காட்டிக் குடுக்கிறதும் காட்டிக் குடுக்கிறதுதான், நூலா. உன் குதிரைக்காக நாங்க மானத்த விட முடியுமா?"

நூலாவும் இந்த ஊர்க்காரிதான். யோசித்துப் பார்த்து, எவர் மானத்துக்கும் பங்கமில்லாத ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் மீதே புகார் கொடுத்தாள்.

அலுவலகத்திலிருந்து களை ஆய்வாளர் டிக்னன் வந்தார். அவளுடைய வயலைப் பார்த்துக் கண்டித்தார். அவள் அவரை வேலியோரம் அழைத்துப்போய் அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"இங்கேருந்துதான் வருது, ஐயா. உங்க ஆபீஸ்ல சொல்லுங்க."

டிக்னன் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, நானும் பக்கத்து ஊருதான். என் ஆபீஸை நானே காட்டிக் குடுத்தா எங்க ஊர்ல என்னை எவன் மதிப்பான்?"

அந்த வாரமே பிரச்சினை தீர்ந்தது. ஜல்லி நிலத்தில் ஒரு பலகை முளைத்தது: 'தேனீக்கள் நல்வாழ்வுச் சோலை. தயவுசெய்து பிடுங்காதீர்.' அதன் பிறகு பூகலான் களையல்ல, கொள்கை.

இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. குனிந்து பிடுங்குவதைவிடப் பலகை நடுவது சுலபம். ஒவ்வொரு வீட்டு வாசல் கம்பியிலும் ஒரு தேனீப் படம் தொங்கியது. மேய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மகரந்தத்தைப் பற்றிப் பேசினோம். டிக்னன் வந்து எங்களை மஞ்சள் வயலில் நிறுத்திப் படம் எடுத்தார். நானும் முன்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நூலா மட்டும் தன் வயலில் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக இப்படியொரு வேலை என்றால் ஊரே திரண்டு உதவிக்குப் போகும். இந்த முறை ஒருவரும் போகவில்லை. பாகி காரணத்தை விளக்கினார்:

"இன்னைக்குத் தன்னையே காட்டிக் குடுத்தவ, நாளைக்கு நம்மள விடுவாளா?"

குளிர்காலம் வந்தது. மாட்டு டாக்டர் எங்கள் உலர்புல்லை உதறிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுகூட மாட்டுக்குப் போடாதீர்கள் என்றார். தேனீக்கள் எங்களுக்கு உதவ முன்வரவில்லை. ஊரிலேயே சுத்தமான புல் நூலாவின் கொட்டகையில்தான் இருப்பதாகப் பேச்சு வந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எல்லோரும் அவள் வாசலில் போய் நின்றோம். உள்ளே குதிரை தன் குட்டியோடு நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. பார்க்கவே பொறாமையாக இருந்தது.

நூலா கதவில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட புல் இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

உள்ளே அடுக்கியிருந்த கட்டுகளைக் கைகாட்டினாள்.

"பேரைச் சொல்லுங்க. ஆளுக்குப் பத்துக் கட்டு எடுத்துட்டுப் போங்க."

சொன்னவர் பாகி. எங்கள் நடுவில்தான், கைக்கெட்டும் தூரத்தில், நின்றுகொண்டிருந்தார். பட்டினி கிடக்கும் மாடுகள் கத்துவது அங்கே வரைக்கும் கேட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெறுங்கையோடு, நிமிர்ந்த தலையோடு திரும்பினோம். பாலிக்ரீனில் இன்றுவரை காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவன் கிடையாது. மாடும் அதிகம் கிடையாது.