இறுகாத போல்ட்

"இறுகுதா?"

"சுத்துது."

"சுத்தினா இறுகும்தானே?"

"சுத்துது. ஆனா இறுகல."

காருக்கு அடியிலிருந்து வந்த குரல் அழகமுத்துவுடையது. அவரில் வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டுமே. பக்கத்து வீட்டு பளீல் அந்தக் கால்களின் அருகே குந்தியிருந்து, அவற்றோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"போல்ட் மரை போயிட்டுது மச்சான். எதால இறுக்கினீங்க?"

கால்கள் சற்றே உள்ளே இழுத்துக்கொண்டன. பிறகு, ஸ்பானரின் வாலில் மாட்டியிருந்த இரண்டடி நீளத் தண்ணீர்க் குழாய் ஒன்று மெதுவாக வெளியே உருண்டு வந்தது.

"அல்லாஹ்வே! இதப் போட்டு இறுக்கினா பாலமே முறுகிப் போகுமே!"

அழகமுத்து நகரசபையின் தண்ணீர்ப் பிரிவில் கிளார்க். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அது கடைசியில் அவருடைய மேசைக்கு வந்து சேரும். அதனாலோ என்னவோ, ஒழுகும் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அன்று காலை தேத்தண்ணீர்க் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தவர், போன மாதம் வாங்கிய மொரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தின் கீழே, சிமெந்துத் தரையில் உள்ளங்கையளவு எண்ணெய் தேங்கியிருப்பதைக் கண்டார். விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். பொன்னிறமாக மின்னியது. முகர்ந்தும் பார்த்தார், தடிமன் பிடித்து அடைத்திருந்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கார் வித்தவரு நல்ல மனுசன்," என்று மனைவி அன்னலட்சுமியிடம் சொன்னார். "எவ்வளவு சுத்தமான ஒயில் ஊத்தியிருக்காரு பாரு. எறும்புகூட மொய்க்குது."

"ஒழுகுதுன்னா நாளைக்கு எப்படிங்க போறது?"

அதுதான் கேள்வி. மறுநாள் ஹேவாஹெட்டவில் அன்னலட்சுமியின் அண்ணன் மகளுக்குப் பூப்புச் சடங்கு. அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணன் பெரியதம்பிக்குத் தங்கை மேல் உயிர். தங்கையின் கணவனைக் கேலி செய்வதில் அதைவிட உயிர். ஒவ்வொரு திருவிழாவுக்கும் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்: "மாப்ள எந்த பஸ்ல வந்தீங்க? எடம் கெடச்சிச்சா, இல்ல கதவுல தொங்கிக்கிட்டா?" அன்னலட்சுமியும் எல்லோருடனும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு அடுப்படியில் போய்ப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்வாள். இந்த முறைதான், கல்யாணமான ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, "நாங்க கார்ல வர்றோம்ணே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சீர்த் தட்டுகள் ஏற்கனவே கூடத்தில் வரிசையாக இருந்தன.

எனவேதான் அழகமுத்து முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கருங்கல் வைத்து, அடியில் புகுந்து, ஒயில் தொட்டியின் அடிப்போல்ட்டை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். குழாயை மாட்டிக்கொண்டு இறுக்கினார். 'கொளக்' என்று என்னவோ விட்டுக் கொடுத்தது. அதன் பிறகு போல்ட் காற்றாடியாகிவிட்டது. அதைச் சுற்றிக் கறுப்பு ஒயில் சொட்டத் தொடங்கியது.

"காலையில பொன்னு மாதிரி இருந்திச்சே பளீல்!"

"நீங்க முறுக்கின முறுக்குக்குக் கோவத்துல கறுத்திருக்கும்."

அன்று போயா நாள், பௌர்ணமி விடுமுறை. தெரிந்த ஒரே மெக்கானிக்கும் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போயிருந்தார். புது மரை வெட்ட ஆளில்லை.

"பரவாயில்ல," என்றன கால்கள். "சணல் சுத்தி வெள்ளப் பெயின்ட் பூசினா நிக்கும். கண்டியில பாதிக் குழாய் அப்படித்தான் நிக்குது."

"குழாய்ல தண்ணியல்லவா ஓடுது?"

"எல்லாம் ஒழுகல்தானே."

சணலும் பெயின்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை நின்றன. பிறகு ஒயில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக இறங்கியது. பெயின்டைக் கரைத்துக்கொண்டு வந்ததில் அதற்கு வேகமும் கூடியிருந்தது.

பளீலுக்கு மனம் பொறுக்கவில்லை. பிலிமத்தலாவையில் இரும்புக் கடையில் வேலை செய்பவர் அவர். "எங்கட ஊட்ல பெரிய போல்ட் ஆணி ஒண்டு ஈக்கிது. லொறிக்குப் போடுறது," என்று ஓடிப்போய், ஆணிகள் போட்டுவைத்த பிஸ்கட் டின்னோடு வந்தார். "இது உள்ளுக்குப் போனா வெளிய வராது."

உள்ளுக்கும் போகவில்லை. அழகமுத்து சுத்தியலால் தட்டினார். கொஞ்சம் போனது. இன்னும் தட்டினார். கோணலாகப் போனது. நேராக்குவதற்காகப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டியதும், லொறி ஆணி துளையின் விளிம்பிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு அவர் நெஞ்சில் விழுந்தது. முன்பு வட்டமாக இருந்த துளை இப்போது முட்டையாகிவிட்டது. ஒயில் நூலாக ஊற்றியது.

"ரப்பர்! ரப்பர் ஏதாவது!"

பளீல் வாசலில் கிடந்த செருப்பை எடுத்துக் கொடுத்தார். அழகமுத்து அதன் குதியை அரிந்து, உருட்டி, துளையில் திணித்தார். சொட்டு நின்றது. இருவரும் மூச்சுவிட்டார்கள். அழகமுத்து வெளியே வந்து நிமிர்ந்து நின்றபோது, கறுப்பும் வெள்ளையுமாக, கழுவாத ஓவியத் தூரிகையைப் போலிருந்தார்.

அன்னலட்சுமி வாசலில் நின்று மிச்சச் செருப்பைப் பார்த்தாள்.

"அது நாளைக்குப் போட வாங்கினதுங்க."

அழகமுத்து அவசரமாக ஏறி எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கார் உதறியது. பளீல் குனிந்து பார்த்துக் கத்தினார்: "போகுது! போகுது!"

"கார் போகுதா?"

"ரப்பர் போகுது!"

செருப்பின் குதி சரிவில் உருண்டு, பளீல் மனைவியின் அந்தூரியப் பூச்சட்டிகளுக்குள் மறைந்தது. அழகமுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ந்து அடியில் புகுந்து, துளையில் கட்டைவிரலை வைத்தார். அளவாகப் பொருந்தியது. அன்று முழுவதும் அந்தத் துளையில் ஒழுங்காகப் பொருந்தியது அது ஒன்றுதான்.

"கைய எடுக்காதீங்க மச்சான்! மிச்ச ஒயிலயாவது புடிப்பம். பேசின் எடுத்துட்டு வாறன்!"

பளீலின் காலடி தேய்ந்தது. காருக்கடியில் உலகம் மிகச் சிறியதாக இருந்தது: ஒரு பட்டை வெளிச்சம், கருங்கல், பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்த ஒரு சேலைக்கரை.

"ஏங்க."

"ம்."

"பஸ்ல போவோம்."

"ஒங்கண்ணன் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நான் வந்து தண்ணி ஊத்துனாத்தானே சடங்கு? பஸ் வர்ற வரைக்கும் சிரிச்சிக்கிட்டு நிக்கட்டும்."

அவர் காலில் வழிந்திருந்த ஒயிலை அவள் பழைய துணியால் துடைத்தாள். கால் கூசியது, கட்டைவிரலை நினைத்து அவர் அசையாமல் கிடந்தார்.

"ஒழுகுற கார்ல ஒன்னக் கூட்டிட்டுப் போயி, நடுவழியில நின்னுறக் கூடாதேன்னுதான்…"

"தெரியும்ங்க. நீங்க பாக்காம விட்டிருந்தா மலையேறக்குள்ள நின்னிருக்கும். நல்ல வேள, காலையிலயே கண்டீங்க."

அழகமுத்து மூக்கை உறிஞ்சினார். தடிமன் காரணமாகவும் இருக்கலாம்.

அப்போது பின்னறையில் குடியிருக்கும் அங்கம்மா அக்கா வந்தாள். கோவில் வாசலில் பூ விற்பவள். இந்தக் கார் வந்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவாள்; காசு கேட்டதேயில்லை. இப்போது அவள் கையில் வாளியும் விளக்குமாறும் இருந்தன.

"போயாவுல்ல, பூ யாவாரம் விடிஞ்சதுலேர்ந்து மூச்சு வாங்க விடல. அதான் இந்நேரமாச்சு," என்று அவள் அந்தக் கால்களிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள். "தூரப் பயணம் போறீங்களே, கார் எங்கயும் பழுதாகி நின்னுறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, நேத்து ராத்திரி காருக்கு முன்பக்கத்து அடியில ஒரு வெளக்கு வச்சேன். பாழாப்போன பூனை தட்டி நல்லெண்ணெ முழுக்க சிமெந்துல கொட்டிருச்சு. கழுவி விட்டுர்றேன், காரக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கிறீங்களா, தம்பி?"