குரல் ஒன்றும் போகவில்லை, சகலை

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மச்சினியும் பிள்ளைகளும் என் சலூனும் சௌக்கியம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு நல்ல புத்தி வர வேண்டும்.

என் பாடகரின் புது ஆல்பம் வந்த அன்றே போன் போட்டு, "உன் ஆளுக்குக் குரல் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வரேன், எல்லார் முன்னாடியும் நீயே உன் வாயால ஒத்துக்கணும்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் தடவை கேட்டபோது எனக்கே கொஞ்சம் புதிதாகத்தான் இருந்தது. தடபுடல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி பாடியிருக்கிறார். பாட்டு நடுவில் சட்டென்று நிறுத்திவிடுகிறார். சத்தமே இல்லை. பிறகு மெதுவாகத் தொடங்குகிறார். இதற்கெல்லாம் தைரியம் வேண்டும், சகலை. கத்துவதற்குத் தொண்டை போதும். உங்கள் ஆள் வாயைத் திறந்தால் என் கடைக் கண்ணாடி அதிருகிறது, அதற்குப் பெயர் பாட்டா?

சிக்கல் பாட்டில் இல்லை, என் கடைப் பழக்கத்தில். இங்கே ஒரு முடிவெட்டுக்கு இரண்டு பாட்டு. வாடிக்கையாளர்கள் கண்ணை மூடி உட்காருவார்கள், இரண்டாவது பாட்டு நின்றதும் எழுந்துவிடுவார்கள். அன்றைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். இரண்டாவது பாட்டு நடுவில் நின்றதும் துணியை உதறிவிட்டு, காலரைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். இடது பக்கம் வெட்டியாயிற்று, வலது பக்கம் அப்படியே இருக்கிறது. நான் கத்தரியும் கையுமாக "சார், நில்லுங்க, இன்னும் முடிக்கல" என்று தெருவில் ஓட, அவர் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைவிட வேகமாக ஓட, மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூட, ஒரு வழியாகப் பிடித்து வந்து உட்காரவைத்தால், "பாட்டு நின்னுடுச்சேப்பா" என்கிறார். "நிக்கல சார், மூச்சு விடுறாரு" என்றேன். "வயசானா அப்படித்தான்" என்றார். மிச்சத்தை வெட்டி அனுப்பினேன்.

கடைசிப் பாட்டோ முடியவே முடியாது. பாட்டு ஓடும்போது கத்தரியைக் கீழே வைத்து எனக்குப் பழக்கமில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி தூங்கிவிட்டார். பாட்டு முடிந்து பார்த்தால் அவர் தலையில் வெட்ட எதுவும் பாக்கியில்லை. மறுநாள் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

உங்கள் மச்சினி வேறு, "பழைய பாட்டையே போட்டுத் தொலைங்களேன், பொழப்பு கெடுது" என்கிறாள். போட மாட்டேன். போட்டால் புதுப் பாட்டு சரியில்லை என்று கடையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தனியாகக் கடை போட்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் எனக்குத் துணையாக இருந்தது அந்தக் குரல்தான். அதற்கு வயதாகிவிட்டது என்று வெளியே அனுப்ப நான் யார்? ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். எத்தனை பேர் முன்னால் கேட்டாலும் குரல் அப்படியேதான் இருக்கிறது என்பேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா விஷயத்திலும் அப்பாவைப் போல வரட்டும், பாட்டு விஷயத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உங்கள் சகலை

பி.கு.: நான்காவது பாட்டில் ஓர் இடம் வருகிறது. முன்பெல்லாம் அந்த மாதிரி இடத்தில் அவர் குரல் அநாயாசமாக மேலே ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏறவில்லை. அந்த இடத்தை வயலினுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், வயலின்தான் ஏறுகிறது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அழுதேன். நீங்கள் சொன்னது சரிதான், சகலை. ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.