எட்டை மேய்ந்த மாடு

"எனக்கு வெளம்பரம் எழுதிக் குடுத்தது ஒரு பசுமாடு. அதுவும் நாக்கால எழுதுச்சு. அத்தப் பாத்துட்டுதான் எட்டு கம்பெனி என்னைக் கூப்புட்டு வேலை குடுத்துச்சு!"

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே பாக்கியராஜ் டீக்கடையில் எட்வர்ட் இப்படிச் சொன்னதும், வாயில் டீ வைத்திருந்த அத்தனை பேரும் அதை ஒரே நேரத்தில் வெளியே விட்டார்கள். பாக்கியராஜ் தன் சட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த பேச்சு வருவதற்குள் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மாமா, பட்டப்பகல்லயேவா?" என்றான் அந்தோணி.

அந்தோணி எட்வர்டின் மச்சான். மனைவி ரோசம்மாளின் தம்பி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வருகிறவர் எவரையும் நம்பக் கூடாது என்பதுதான் அவன் உத்தியோகம். யூனிஃபார்மைக் கழற்றினாலும் அந்தச் சந்தேகத்தைக் கழற்ற மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாரைக்கூட பையைத் திறந்து காட்டச் சொல்வானோ என்று ரோசம்மாளுக்கு ஒரு பயம் உண்டு.

"மாடு நாக்கால எழுதுச்சாம், அத்த எட்டு கம்பெனி படிச்சிச்சாம்!" என்று எட்வர்டின் கரகரத்த குரலிலேயே பேசிக் காட்டினான். குரல் மாற்றிப் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். கடையே சிரித்தது. "நைனா, பாக்கியராஜு, மாமாவோட டீயில இன்னா போட்ட?"

"சிரிடா மச்சான், சிரி. நடந்தது நடந்ததுதான்."

நடந்தது இதுதான். இதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை என்று அந்த மாட்டின் மேல் ஆணையாகச் சொல்லலாம்.

எட்வர்ட் ஓர் இரும்பு உருக்காலையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாது. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் இருந்த ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் சர்வீஸ் செய்கிறேன் என்று பிரித்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுற்றியது ரோசம்மாளின் தலை ஒன்றுதான்.

"எங்கனா வெளிய போய் எதுனா பண்ணுய்யா. ஊட்டுல எதையும் தொடாத!"

வெளியே போனவர், மூடிப்போன ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து பழைய புல்வெட்டும் மிஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதை இங்கே ஸ்டார்ட் செய்தால் ஆந்திராவில் நாய் குரைக்கும்.

அவர் போட்ட கணக்கு தப்பானதல்ல. சிப்காட் கம்பெனிகள் பின்பக்கமாக எவ்வளவு கரும்புகை விட்டாலும், முன்பக்கம் ஆபீஸ் வாசலில் ஒரு பச்சைப் புல்தரை வைத்திருக்கும். பெரிய மனிதர்கள் எல்லாம் முன்பக்கமாகத்தானே வருவார்கள்? அத்தனை புல்லையும் யாராவது வெட்டித்தானே ஆக வேண்டும்?

ஆனால் எந்த கேட்டுக்குப் போனாலும் ஓர் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். "யார் நீ? யாரப் பாக்கணும்? உன்ன வரச் சொல்லி யாரு போன் பண்ணாங்க?"

அவர்களாக எட்வர்டைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் விளம்பரம் வேண்டும். அதுவும் கையைக் கடிக்காத விளம்பரம்.

இந்த நேரம் பார்த்து அந்தோணி ஒரு காக்கி யூனிஃபார்மைக் கொண்டுவந்து வீட்டு ஆணியில் மாட்டினான்.

"அக்கா, எங்க கம்பெனியில நைட் வாட்ச்மேன் போஸ்ட் காலியா கீது. மாமா அளவுக்குத் தச்சுட்டேன். ஒரே ஒரு ரூல்தான். சூப்பர்வைசர் வந்தா எழுந்து நின்னு சல்யூட் அடிக்கணும்."

"சூப்பர்வைசர் யாருடா?" என்றார் எட்வர்ட்.

"நான்தான் மாமா."

பெண் பார்க்கப் போன அன்று, மூக்கு ஒழுக எட்வர்டின் மடியில் வந்து உட்கார்ந்த பயல். அவனுக்கு சல்யூட்!

ரோசம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆயுத பூஜைக்குள்ள ஒரு கம்பெனியாவது புடிய்யா. புடிக்கலன்னா மிஷினு காயலான் கடைக்கு, நீ காக்கிச் சட்டைக்கு."

முதலில் நோட்டீஸ். காலை ஷிப்ட்டுக்குப் போகும் ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறிக் கொடுத்தார். மக்கள் ஆசையோடு வாங்கினார்கள். பாதிப் பேர் சீட்டைத் துடைத்தார்கள்; மீதிப் பேர் அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கடைசி வரி வரை படித்துவிட்டு, "பேப்பர் கெட்டியா கீது. இன்னும் நாலு குடு, நாஷ்டா மடிக்கலாம்" என்றார்.

காகிதம்தான் தப்பு, காதில் போட வேண்டும் என்று முடிவு செய்தார். தெரிந்தவர் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, தன் குரலிலேயே பதிவு செய்து, சுற்று வட்டாரம் முழுக்க ஓடவிட்டார்.

"உங்கள் இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறதா? கவலை வேண்டாம்! நாங்களே வந்து வெட்டி, நாங்களே அள்ளிக்கொண்டு போகிறோம்!"

மறுநாள் விடிந்ததும் வாசலில் திருவிழாக் கூட்டம். எட்வர்ட் சட்டை பட்டனைக்கூட போடாமல் ஓடினார். முன்னால் நின்றவர் அரசப்பன். நாலு கழனியும் ஒரு பசுமாடும் வைத்திருப்பவர்.

"எம் வரப்புப் புல்லு இடுப்பு ஒசரம் கீது. எவ்ளோ குடுக்கிற?"

"நீங்கதாங்க எனக்குக் குடுக்கணும்."

அரசப்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பைத்தியக்காரனைப் பார்த்த மாதிரி எல்லாரும் எட்வர்டைப் பார்த்தார்கள்.

"இன்னா நைனா, ஏரிக்கரைப் புல்லயே ஏலம் வுட்டு எடுக்கிற ஊரு இது. எம் புல்ல நீ அறுத்துக்கினு போறதுக்கு நான் உனக்கு டப்பு குடுக்கணுமா? புல்லு வேணும்னா காசக் குடு. அட்வான்ஸ் வாங்கத்தான் இத்தினி பேரும் வந்து கீறோம்!"

வயலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? கூச்சல் கூடியது. ரோசம்மாள் ஒரு கையில் டீத் தட்டும் ஒரு கையில் விளக்குமாறுமாக வெளியே வந்தாள். விளக்குமாறு யாருக்கு என்பதில் எட்வர்டுக்குச் சந்தேகமே இல்லை. அவசரமாக அரசப்பன் காதில் ஒரு சமாதானம் பேசினார். இனிமேல் தான் எங்கே புல் வெட்டினாலும் வெட்டியதெல்லாம் அரசப்பனின் மாட்டுக்கே. இலவசம்.

அரசப்பனே முன்னால் நின்று மற்றவர்களை விரட்டினார். அன்றிலிருந்து அந்த மாட்டுக்கு மிஷின் சத்தம் சாப்பாட்டு மணியாகிவிட்டது. எட்வர்ட் எந்த மூலையில் மிஷினைக் கிளப்பினாலும், ரயில்வே கேட்டைத் தாண்டி, லாரிகளை ஓரம் கட்டி, அது வந்து சேர்ந்துவிடும்.

கடைசியாக உதித்ததுதான் மகா யோசனை. மேம்பாலத்துக்குக் கீழே மோகன்ராஜ் என்கிற மனைப் புரோக்கரின் லே-அவுட் காலியாகக் கிடந்தது. விற்காத மனையெல்லாம் ஆளுயரப் புல். "தாராளமா வெட்டிக்கோ, பாக்கறதுக்கு எடம் நல்லா இருக்கும்" என்றார் மோகன்ராஜ்.

எட்வர்ட் முழுதாக வெட்டவில்லை. தன் போன் நம்பரின் வடிவத்தில் புல்லை நிற்கவிட்டு, சுற்றிலும் மொட்டையடித்தார். ஒவ்வோர் எண்ணும் ஒரு லாரி நீளம். பாலத்தில் போகிற பஸ், கார், சைக்கிள் எல்லாவற்றிலிருந்தும் படிக்கலாம். சந்திரனில் யாராவது குடியிருந்தால் அவர்களும் படித்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் பேசுவதற்கு இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்கள்கூட எட்வர்ட் பழகி வைத்தார்.

அந்தோணி தினமும் டூட்டிக்குப் போகும்போது பாலத்தின் மேல் பைக்கை நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான்.

"புல்லுல கீற நம்பரப் பாத்து எவனாவது போன் பண்ணுவானா மாமா? பண்ணா ஆடுதான் பண்ணும்!"

சொன்னபடியே போன் மௌன விரதம் இருந்தது. எட்வர்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார், கையில் வைத்துக்கொண்டு தூங்கினார். குளிக்கும்போது ரோசம்மாள் கதவுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தார். லோன் வேண்டுமா என்றது ஒரு பெண் குரல். "புல்லு வெட்டணுமாம்மா?" என்று கேட்டார். வைத்துவிட்டாள்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. ரோசம்மாள் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டே வைத்துவிட்டாள். மனசு கேட்காமல் எட்வர்ட் பாலத்தில் ஏறி நம்பரைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கடைசி எண்ணான எட்டு, மூன்றாகியிருந்தது.

எட்டின் இடது பக்கத்து வளைவுகள் இரண்டும் சுத்தமாக இல்லை. காம்பஸ் வைத்து வரைந்ததைப் போல அழகாக மேய்ந்துவிட்டு, அரசப்பனின் மாடு பக்கத்திலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாவம், அதைச் சொல்லியும் குற்றமில்லை. சுற்றிலும் மொட்டைத் தரை. வாய்க்கு எட்டும் புல் என்றால் நம்பர் மட்டும்தான்.

"படுபாவி! எத்தினி நாளாடி இது மூணா கீது?"

கீழே இறங்கி ஓடி வந்து கேட்டவரைப் பார்த்தபடி மாடு அசைபோட்டது. எட்வர்ட் எங்கிருந்தோ ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து, மூன்றை எட்டாக்கப் பரப்பினார். மாடு எழுந்து வந்து பரப்பியதைத் தின்றது. தலையைப் பிடித்துத் தள்ளினார். இவரது சட்டைப் பையில் இருந்த கடைசி நோட்டீஸையும் தின்றது.

அப்போதுதான் பாலத்தை ஒட்டி ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, முகத்தில் தூக்கமில்லாத கண்கள். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியின் அட்மின் மேனேஜர் ஜெயராஜ்.

"இங்க எட்வர்ட் யாரு?"

அரசப்பனின் மாட்டைக் கைகாட்டலாமா என்று எட்வர்ட் ஒரு கணம் யோசித்தார். "நான்தான் சார்."

"அங்க புல்லுல இருக்கிறது என் நம்பர்!"

சங்கதி பிறகுதான் விளங்கியது. முன்னொரு காலத்தில் ஆலை கேட்டுக்கு வெளியே ஒருவன் குடை விரித்து, ஷிப்ட் முடிந்து வந்த எல்லாரையும் வரிசையில் நிறுத்தி சிம் கார்டு விற்றான். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அடுத்தடுத்த நம்பர். எட்வர்டுக்கு ஐந்து பேர் முன்னால் நின்ற டிரெய்னிதான் இந்த ஜெயராஜ்.

"சார், மன்னிச்சுக்கோங்க. மாடு சார்... நான் எட்டுதான் சார் வச்சேன்..."

"காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் போன்! ஸ்டீல் கம்பெனி மேனேஜர், கெமிக்கல் கம்பெனி மேனேஜர், கண்ணாடிக் கம்பெனி மேனேஜர்னு ஏழு கம்பெனி! 'கவரைப்பேட்டை பாலத்துக்குக் கீழ உங்க நம்பரப் பாத்தோம் எட்வர்ட் சார், எங்க லானுக்கு எப்ப வருவீங்க, நாங்கதான் மொதல்ல'ன்னு கெஞ்சறாங்க. ராங் நம்பர்னு சொன்னா, 'பிசி போல இருக்கு, நாளைக்குப் பண்றேன் சார்'ங்கறாங்க!"

எட்வர்ட் கையைக் கூப்பினார். ஜெயராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கு இவ்ளோ கிராக்கின்னா சும்மாவா? எங்க லான் காடா கெடக்கு, பூஜைக்கு சேர்மன் வர்றாரு. அந்த ஏழு பேருக்கும் முன்னாடி எங்களுக்கு வந்துடுங்க எட்வர்ட் சார். வருஷத்துக்கே பேசிக்கலாம்."

எட்வர்ட் சாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த ஏழு கம்பெனிப் பேரையும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு கேட்டிலும் போய் நெஞ்சை நிமிர்த்தி, "நீங்க போன் பண்ணீங்களாமே?" என்றார். யார் பண்ணியது என்று எந்தக் கம்பெனிக்கும் தெரியவில்லை. அட்மின்காரர்கள் பர்ச்சேஸில் பண்ணியிருப்பார்கள் என்றார்கள். பர்ச்சேஸ்காரர்கள் பெரியவர் சொல்லியிருப்பார் என்றார்கள். பெரியவர், இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று கத்தினார். கத்திய பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழு கேட்டும் திறந்தது.

மாடு தின்றது ஓர் எட்டு. கிடைத்தது எட்டு கம்பெனி.

"புருடா! எல்லாம் புருடா!" என்று டீக்கடையில் அந்தோணி கிளாஸை வைத்தான். "நம்பர மாடு மாத்திச்சாம், அது மேனேஜருக்குப் போச்சாம். கேக்கறவன் கேனையா?"

அந்த நேரத்தில் ரோசம்மாள் ஒரு பெரிய பையோடு கடைக்குள் வந்தாள். முதலில் காக்கிச் சட்டையை எடுத்து அந்தோணியின் மடியில் போட்டாள்.

"இந்தாடா, வேற ஆளு பாரு. மாமாக்கு நேரமில்ல."

அடுத்து பையைத் திறந்தாள். மட்டன் பிரியாணி மணம் கடையைத் தாண்டி, பிளாட்பாரத்தில் நின்ற ரயில்வரை போனது. ரயில் கிளம்பத் தயங்கியது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்.

"இது இன்னாக்கா?" அந்தோணியின் குரல் குழைந்தது.

"எம் புருசனக் காப்பாத்துன அந்த ஏழு மேனேஜருக்கும் எங்கையால ஆக்கிப் போடறேன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன்டா. ஏழு டப்பா. காலைலேர்ந்து கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கறேன். 'நான் போன் பண்ணலம்மா, நான் பண்ணலம்மா'ங்கறாங்க. ஒருத்தரும் ஒத்துக்க மாட்றாங்க. ஒரே பேஜாரு!"

"ஆறிடப் போவுது. இங்கயே பிரிச்சுட வேண்டியதுதானே?" என்றார் பாக்கியராஜ் பாய்லருக்குப் பின்னாலிருந்து.

"மூச்! போன் பண்ணவங்களத் தவுர வேற யாரும் தொடக் கூடாது. எடுத்துக்கினு போய் மாடு முன்னாடி வச்சாலும் வப்பேன்."

அந்தோணி பையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். சூப்பர்வைசர் தோரணை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"அக்கா... மாமா சொன்னதெல்லாம் நடந்ததுதான்க்கா."

எட்வர்ட் நிமிர்ந்தார். "உனக்கு எப்டிடா தெரியும்?"

"கலாய்க்கலாம்னு தெனம் போவும்போதும் வரும்போதும் பாலத்துமேல நின்னு, கூட வர்றவனுங்க போன ஒவ்வொண்ணா வாங்கி, புல்லுல இருந்த நம்பரப் பாத்துப் பாத்து அடிச்சேன் மாமா. நீதான் குரல மாத்திக்கினு ராங் நம்பர்னு சொல்றன்னு நெனச்சேன்," என்றபடி அந்தோணி பையைத் தன் பக்கம் இழுத்தான். "ஏழு டப்பாவையும் இப்டி வைக்கா. அந்த ஏழு மேனேஜரும் நான்தான்."