மச்சான் அனுப்பிய கோழி எருவும் எங்கள் கிணறும்

திருப்போரூர்,
வெள்ளிக்கிழமை.

பாசத்துக்குரிய மச்சான் பூபாலனுக்கு, அக்கா புருஷன் தாண்டவராயன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். நீயும் உன் பண்ணைக் கோழிகளும் நலமாயிருக்கக் கந்தசாமி துணை.

நீ அனுப்பிய ஒரு டிராக்டர் கோழி எருவை வந்த அன்றைக்கே கீரைப் பாத்தி முழுக்க இறைத்தேன். லீவுக்கு வந்த நம் பெண் வினிதா, பொத்தேரி காலேஜில் கிருமிகளைப் பற்றித்தானே படிக்கிறாள், மூக்கைப் பொத்திக்கொண்டு, "நைனா, மாமா கோழிக்கு ஆன்டிபயாடிக் போடறாரா?" என்றாள். "தீவனத்துலயே கலந்துடறான், அவ்ளோ அக்கறை" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மருந்தில் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடுமாம், பச்சை எருவாக இறைத்தால் மண்ணில் இறங்கி மழையோடு கிணற்றுக்கும் போகுமாம், அங்கிருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால் நாளை நாம் விழுங்கும் மாத்திரை வேலை செய்யாதாம். எரு இறைத்த பிறகு, முந்தின நாள்தான் நல்ல மழை, பக்கத்து வீட்டு மேரிக்குக் காலில் சர்க்கரைப் புண், அது மாத்திரையில்தான் ஆறிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கும் நம் கிணற்றுத் தண்ணீர்தான்.

கிணற்றின் மேல் பழைய கட்டிலைக் குறுக்கே போட்டுப் பக்கத்தில் காவல் இருந்தேன். குடத்தோடு வந்த மேரி, "இன்னா அண்ணாத்த, கெணத்துக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். "கோழி மருந்து உள்ள கீதோன்னு சந்தேகம்மா" என்றேன். அவர் காதில் கோழி மட்டும் விழுந்திருக்கிறது. அரைமணியில் தெருவே வந்து கட்டில் சந்துவழியே கோழியைத் தேடியது. முப்பது வருஷம் பஸ் கூட்டத்தை அடக்கிய கண்டக்டர் நான், இந்தக் கூட்டத்தை அடக்க முடியவில்லை.

வினிதா மண்ணும் தண்ணீரும் லேபுக்குக் கொண்டுபோனாள். பதினைந்து நாள் நான் கீரையைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை போன் செய்தாள். மண்ணில் மருந்து இருக்கிறதாம், தண்ணீரில் துளியும் இல்லையாம். மச்சான், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் குடத்தை நானே இறைத்து மேரி வீட்டில் வைத்தேன். இனி எருவைக் குவித்து மூடி, மாதக்கணக்கில் மக்க வைத்துத்தான் போடுவேன், அப்போது மருந்து பெருமளவு குறையுமாம். நீயும் கோழிக்கு நோய் வந்தால் டாக்டரைக் கேட்டுக் கொடு, சும்மா தீவனத்தில் கலக்காதே.

உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் அக்கா வந்து நின்றாள். "வினிதா புடிச்சு வச்ச தண்ணி கலங்கலா இருந்துது. காலேஜுக்கு அத்தயா அனுப்பறது, மானம் போவாதா? கொட்டிட்டு கேன் தண்ணிய ரொப்பி வச்சேன்" என்கிறாள். ஓடிப்போய் மேரி வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தேன், நல்லவேளை யாரும் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வினிதா மறுபடி தண்ணீர் பிடிக்க வருகிறாள். அன்றைக்கு உன் அக்காவை உன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்.